பருவத்துக்கேற்ப மாறும் குடல்
காட்டுக் கொறித்துண்ணிகளின் சீரண உறுப்புகள் பற்றிய சில உண்மைகள்

முழு வளர்ச்சி பெற்ற பிராணியின் உள்ளுறுப்புகள் அதன் ஆயுள் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். பாடநூலில் எலியின் சீரணப்பாதையை விளக்கும் படம் ஒன்றே ஒன்றுதான். கோடைக்கு ஒரு படம், மழைக்காலத்துக்கு மற்றொரு படம் என்று எந்த நூலிலும் இருப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஒரே வகை உணவைத் தின்று, ஒரே வெப்பநிலையில் கூண்டில் வளரும் ஆய்வுக்கூட வெள்ளை எலிக்கு அந்த ஒரு படம் போதும். வயலிலும் காட்டிலும் மலையிலும் வாழும் கொறித்துண்ணிகளுக்கு அது போதாது. அவற்றின் குடல், கிடைக்கும் உணவின் தன்மை, குளிரின் கடுமை, இனப்பெருக்கத்தின் சுமை ஆகியவற்றையொட்டி நீண்டும் குறுகியும், தடித்தும் மெலிந்தும் மாறிக்கொண்டே இருக்கிறது. உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது சுவையான செய்தி. எலி ஒழிப்புப் பணியில் ஈடுபட்டுள்ள களப்பணியாளர்களுக்கோ அன்றாட வேலையையே தொடும் செய்தியாகும்.

சீரணப்பாதையின் அமைப்பு

எலியின் இரைப்பை இரு பகுதிகளைக் கொண்டது. உணவு முதலில் சென்று சேரும் முன்பகுதியின் உட்சுவர், தோலைப் போன்று கடினப்பட்ட படலத்தால் ஆனது; அங்கே சுரப்பிகள் இல்லை. அமிலமும் சீரண நீரும் பின்பகுதியிலேயே சுரக்கின்றன. இவ்விரு பகுதிகளுக்கும் இடையே மெல்லிய மேடு ஒன்று வரப்பைப் போல ஓடுகிறது. இரைப்பையைப் பிளந்து கழுவிப் பார்த்தால் அது வெறுங்கண்ணுக்கே புலப்படும். அடுத்தது சிறுகுடல். வளர்ந்த ஆய்வுக்கூட எலியின் உடல் ஒரு சாண் அளவே இருக்க, அதன் சிறுகுடல் ஒரு மீட்டருக்கும் அதிகமான நீளமுடையது. சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில், ஒரு முனை அடைபட்ட பை ஒன்று தொங்குகிறது. இதுவே குருட்டுக்குடல். (இடையே ஒரு சிறு செய்தி: சுண்டெலிக்குப் பித்தப்பை உண்டு, எலிக்கு இல்லை. வகுப்பில் எலியின் பித்தப்பையைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.)

சிறுகுடலின் உட்பரப்பில் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. இவற்றைக் குடலுறிஞ்சிகள் என்பர். பூத்துவாலையின் நூல்முனைகள் எவ்வாறு துணியின் பரப்பைப் பெருக்கி ஈரத்தை விரைவில் உறிஞ்சுகின்றனவோ, அவ்வாறே இவையும் குடலின் பரப்பைப் பெருக்குகின்றன. குடலுறிஞ்சிகளின் அடியிலுள்ள குழிகளில் புதிய உயிரணுக்கள் இடைவிடாது பிறந்து, படிப்படியாக மேலேறி, உச்சியை அடைந்து உதிர்ந்துவிடுகின்றன. எலியிலும் சுண்டெலியிலும் இப்பயணம் மூன்று முதல் ஐந்து நாட்களில் முடிந்துவிடுகிறது. ஆகவே, குடலின் உட்படலம் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படுகிறது எனலாம். புதிய அணுக்கள் பிறக்கும் வேகம், பழையன உதிரும் வேகத்தினும் மிகுந்தால் குடலுறிஞ்சிகள் உயர்கின்றன, குறைந்தால் தாழ்கின்றன. பருவமாற்றத்துக்கு ஏற்பக் குடல் விரைவில் உருமாற இயல்வது இக்காரணத்தாலேயே.

குருட்டுக்குடலின் பணி வேறு. புல்லிலும் தண்டிலும் உள்ள செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளைச் சிதைக்கும் நொதி எலிக்குக் கிடையாது. குருட்டுக்குடலில் வாழும் நுண்ணுயிர்களே அந்நாரைப் புளிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. அந்த அமிலங்கள் குடற்சுவரின் வழியே இரத்தத்தில் கலந்து எரிபொருளாகின்றன. நுண்ணுயிர்கள் ஆக்கும் புரதமும் சில வைட்டமின்களும், அவ்விடத்தைக் கடந்த பின்னர் உறிஞ்சப்பட வழியில்லாமல் வெளியேறிவிடும். இதனாலேயே பல கொறித்துண்ணிகள் தம் புழுக்கைகளில் ஒரு பகுதியை மீண்டும் தின்கின்றன. இது அருவருப்பான பழக்கமாகத் தோன்றலாம். ஆயினும், அசைபோடும் மாட்டின் செயலோடு ஒப்பிட்டு இதனை மாணவர்க்கு விளக்குதல் நன்று.

மாற்றத்தின் காரணங்கள்

குடல் பெரிதாயிருப்பது நன்மையெனில், ஆண்டு முழுவதும் பெரிதாகவே வைத்துக்கொண்டால் என்ன என்று மாணவர் வினவக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். குடல் மிகுந்த செலவு பிடிக்கும் உறுப்பு. உடலின் எடையில் அதன் பங்கு சிறிது. ஆனால் உயிரணுக்களை ஓயாது புதுப்பிப்பதால் அது செலவிடும் ஆற்றலும் புரதமும் அதன் எடைக்கு மிஞ்சியவை. தேவையில்லாத காலத்தில் பெரிய குடலைப் பேணுவது, அறுவடை முடிந்த பின்னரும் அத்தனை ஆட்களுக்கும் கூலி கொடுத்துக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும். கொழுப்பைச் சேமிக்க வேண்டிய சிறு பிராணிக்கு இச்செலவு கட்டுப்படியாகாது.

குளிர்நாடுகளில் இப்பொருள் பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. போலந்து நாட்டில் காட்டில் வாழும் குட்டைவால் எலிகளின் சீரணப்பாதையின் நீளமும் எடையும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பது பற்றிய ஆய்வு 1964-ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று. வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் வோல் என்னும் சிற்றெலியைக் கொண்டு 1985-இல் வெளியான ஆய்வு, இரு காரணங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டியது. அவ்வெலிகளைக் குளிரில் வைத்தபோது, உடல்வெப்பத்தைக் காக்க அவை மிகுதியாக உண்ண நேர்ந்தது, குடலும் பெருத்தது. குளிர் இல்லாமலே நார் மிகுந்த, சத்துக் குறைந்த உணவைக் கொடுத்தபோதும் குடல் பெருத்தது. உண்ணும் அளவு மிகும்போது சிறுகுடலும், உணவில் நார் மிகும்போது குருட்டுக்குடலும் பெருங்குடலும் முதன்மையாக வளர்கின்றன என்பது இத்தகைய ஆய்வுகளிலிருந்து பெறப்படும் பொதுவிதி. குளிர்காலத்தில் வோலுக்கு இவ்விரு சுமைகளும் ஒருங்கே வந்து சேர்கின்றன: குளிரும் கடுமை, கிடைப்பதும் உலர்ந்த புல்.

மூன்றாவது காரணம் தாய்மை. பால்கொடுக்கும் எலி, மற்ற காலத்தில் உண்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு உண்கிறது. அக்காலத்தில் அதன் குடற்சுவர் தடித்து, உயிரணுக்களின் எண்ணிக்கையும் பருமனும் மிகுவது 1963-இல் வெளியான ஆய்வுக்கூட எலிகள் பற்றிய ஆய்வில் விளக்கப்பட்டது. குட்டிகள் பால் மறந்த பின்னர்க் குடல் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

குடலின் திசு மாறுவதோடு அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் மாறுகின்றன. இங்கிலாந்தின் காட்டுச் சுண்டெலிகளைப் பற்றி 2015-இல் வெளியான ஆய்வில், வசந்தத்திலும் முன்கோடையிலும் மிகுந்திருந்த லாக்டோபேசில்லஸ் என்னும் வகை பின்கோடையிலும் இலையுதிர்காலத்திலும் குறைந்து, வேறு வகைகள் ஓங்குவது தெரியவந்தது. சுண்டெலிகள் பூச்சி உணவிலிருந்து விதை உணவுக்கு மாறும் காலத்தோடு இம்மாற்றம் பொருந்துகிறது.

நம் நாட்டில் மழையே பருவத்தை வகுப்பது

இந்தியாவின் பெரும்பகுதியில் உறைபனி இல்லை. ஆதலால் இங்கே கொறித்துண்ணிகளின் பருவத்தை வகுப்பது மழையாகும். இராஜஸ்தானத்துப் பாலைநிலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே வெள்ளெலியும், அதற்கு உறவான பாலைநிலச் சிறு வெள்ளெலியும் மிகுதி. (வெள்ளெலி என்பது ஆய்வுக்கூட வெள்ளை எலியன்று. முதுகு மணல்நிறமும் வயிறு வெண்மையும் கொண்ட வயல்வெளிப் பிராணியே வெள்ளெலி. மாணவர் அடிக்கடி இரண்டையும் ஒன்றாகக் கருதுவதுண்டு.) வெள்ளெலி இரவில் இரை தேடுவது, பாலைநிலச் சிறு வெள்ளெலியோ பகலில் திரிவது. ஜோதிபூரில் 1959-இல் இப்பெயர் பெற்ற மத்திய வறண்டநில ஆராய்ச்சி நிலையத்தில் ஈசுவர் பிரகாஷ் என்னும் விலங்கியலார் நெடுங்காலம் இவற்றை ஆராய்ந்தார். பாலைப் பிராணிகளின் உணவைப் பற்றிய அவருடைய கட்டுரைகள் 1950-களின் இறுதியிலிருந்தே வெளிவரலாயின. விதை, நிலத்தடித் தண்டு, இலை, பூ, பூச்சி ஆகியவை வெள்ளெலிகளின் உணவில் இடம்பெறுவதும், அவற்றின் விகிதம் பருவத்துக்குப் பருவம் மாறுவதும் இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயின.

இவ்வுணவுப் பட்டியலை மேலே கூறிய விதியோடு சேர்த்துப் பார்த்தால் குடலின் நிலை விளங்கும். விதை என்பது சிறிய பொட்டலத்தில் மிகுந்த மாவும் கொழுப்பும் அடங்கியது. அதைச் சீரணிக்கப் பெரிய புளிப்புப்பை வேண்டியதில்லை. நிலத்தடித் தண்டும் காய்ந்த புல்லும் நார் மிகுந்தவை. அவற்றை நம்பி வாழும் மாதங்களில் குருட்டுக்குடலின் வேலை பெருகுகிறது. மழை பெய்து பசுமை தோன்றியவுடன் பூச்சியும் இளந்தளிரும் கிடைக்கின்றன, குட்டிகளும் பிறக்கின்றன. பாலூட்டும் பெண்ணெலியின் சிறுகுடல் இப்போது பெருக்க வேண்டும். பாலைநிலப் பிராணிக்கு மற்றுமொரு சிக்கல் உண்டு. குடிக்க நீரின்றி, உணவிலுள்ள ஈரத்தையும், உணவு உடலில் எரிவதால் உண்டாகும் நீரையும் கொண்டே அது காலம் தள்ளுகிறது. பெருங்குடல் புழுக்கையிலிருந்து ஈரத்தை மீட்டு உடலுக்குத் தருகிறது. உலர்ந்த கோடையில் இப்பணி உயிர் காக்கும் பணியாகும்.

நெல்வயலில் வாழும் கரம்பை எலியின் ஆண்டுக்கணக்கு வேறு விதமானது. கதிர் முற்றும் காலத்தில் அதற்குத் தானியம் மிகுதி. வளையில் கதிர்களைச் சேமித்து வைப்பதிலும் அது வல்லது. இனப்பெருக்கமும் அக்காலத்தை ஒட்டியே ஓங்குகிறது. அறுவடை முடிந்து சேமிப்பும் தீர்ந்த பின், வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் உள்ள புல், வேர், கிழங்கு ஆகியவற்றை அது நாட நேரிடுகிறது.

ஆறுமாதம் பட்டினி கிடக்கும் குடல்

உறைபனிப் பகுதி நம் நாட்டிலும் இல்லாமலில்லை. லடாக்கின் உயர்ந்த சமவெளிகளில் 3,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இமாலய மார்மோட் வாழ்கிறது. பூனையளவுக்கும் பெரிய, தடித்த உடல்கொண்ட, அணில் குடும்பத்துக் கொறித்துண்ணி இது. கோடையில் புல்லும் பூண்டும் தின்று கொழுத்து, ஏறத்தாழ ஆறு மாதங்கள் வளையின் வாயை மண்ணாலும் கல்லாலும் அடைத்துக்கொண்டு குடும்பத்தோடு உறங்குகிறது. வளையில் உணவு சேமிப்பதில்லை; உடற்கொழுப்பே அதன் களஞ்சியம்.

உண்ணாத காலத்தில் குடல் என்ன ஆகிறது? வட அமெரிக்காவின் பதின்மூன்று கோட்டு நில அணிலைக் கொண்டு ஹன்னா கேரி என்னும் ஆராய்ச்சியாளர் 1990 முதல் இதற்கு விடை கண்டுள்ளார். குளிர்த்துயிலின்போது அவ்வணிலின் உடல்வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்குகிறது. குடலின் உட்படலம் மெலிகிறது; குடலுறிஞ்சிகள் குட்டையாகின்றன; ஆழ்ந்த துயிலின்போது புதிய உயிரணுக்கள் பிறப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. எனினும் எஞ்சிய திசு செயலிழப்பதில்லை. அதே எடையுள்ள திசுவை ஒப்பிட்டால், உறிஞ்சும் திறன் கோடைகாலத்தைவிடத் தாழ்ந்ததாக இல்லை. பட்டறையைச் சிறிதாக்கினாலும் கருவிகளைத் துருப்பிடிக்க விடாமல் எண்ணெயிட்டு வைப்பது போன்ற ஏற்பாடு இது. நுண்ணுயிர்களின் நிலையும் மாறுகிறது. செடியுணவு வராமையால் அதை நம்பியவை குறைந்து, குடற்சுவரில் ஊறும் சளியைத் தின்று வாழவல்லவை மிகுகின்றன என்பது 2013-இல் வெளியாயிற்று. 2022-இல் மற்றுமொரு வியப்பான செய்தி வந்தது: உடலின் கழிவாகிய யூரியாவைக் குடல் நுண்ணுயிர்கள் சிதைத்து, அதிலுள்ள நைட்ரஜனை மீண்டும் அணிலின் உடற்புரதமாகச் சேர உதவுகின்றன. மாதக்கணக்கில் அசையாமல், உண்ணாமல் கிடந்தும் தசை பெரிதும் வற்றிப்போகாமைக்கு இதுவும் ஒரு காரணம். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் தசைத் தேய்வை ஆராயும் மருத்துவரும் இதைக் கூர்ந்து நோக்கி வருகின்றனர்.

ஆல்ப்ஸ் மலையின் மார்மோட்டுகளைப் பற்றிய 2002-ஆம் ஆண்டு ஆய்வில், வசந்தத்தில் வளையைவிட்டு வெளிவந்த போது சீரணப்பாதையின் எடை, நடுக்கோடையில் அது அடையும் உச்ச எடையில் ஏறக்குறையப் பாதியே இருந்தது. அப்பாதிக் குடலைக் கொண்டே அவை முதல் தளிரை மேயத் தொடங்கி, மேயும்போதே மீதியைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதே வாழ்க்கை முறையுடைய நம் இமாலய மார்மோட்டும் இந்நெருக்கடிக்கு உட்பட்டதெனக் கொள்வது பொருந்தும். லடாக்கில் பாங்கோங் ஏரிக்குச் செல்லும் வழியில் பயணிகள் வண்டியை நிறுத்தி மார்மோட்டுகளுக்கு ரொட்டியும் பிஸ்கட்டும் கொடுக்கும் வழக்கம் பரவியிருப்பது இங்குக் கருதத்தக்கது. புல்லைப் புளிக்கவைக்கப் பழகிய குடலுக்கு மாவும் சர்க்கரையும் ஏற்ற உணவல்ல. பள்ளிச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதைப் புறப்படுமுன்னரே மாணவர்க்குச் சொல்லிவிட வேண்டும். மார்மோட்டுகள் கொள்ளைநோய்க் கிருமியைத் தாங்கும் பிராணிகளாகவும் மத்திய ஆசியாவில் அறியப்பட்டுள்ளமையால், நெருங்கித் தொடுவது மனிதர்க்கும் தீங்கு.

எலி ஒழிப்புப் பணிக்கு இதனால் அறியத்தக்கது

வயல் எலிகளை உணவுப் பஞ்சமே அழித்துவிடும் என்று சில உழவர்கள் நம்புவதுண்டு. அறுவடைக்குப் பின் எலி குறைவது உண்மை, அற்றுப்போவதில்லை. சில நாட்களில் உட்படலத்தையும் சில வாரங்களில் குடலின் கொள்ளளவையும் மாற்றிக்கொள்ள வல்ல பிராணி, நெல்லின்றியும் வரப்புப் புல்லையும் வேரையும் கொண்டு அடுத்த நடவு வரை தாக்குப்பிடிக்கும். அவ்வாறு தப்பிய சில இணைகளிலிருந்தே அடுத்த பருவத்தின் கூட்டம் பெருகுகிறது. ஆகவே, மே, சூன் மாதங்களில், வயல் தரிசாகக் கிடக்கும்போது ஊரார் அனைவரும் ஒருங்கே எலி ஒழிப்பை மேற்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைக்கப்படுகிறது. அப்போது எண்ணிக்கையும் குறைவு. நச்சிரைக்குப் போட்டியாக வயலில் தானியமும் இல்லை.

துத்தநாக பாஸ்பைடு வேலை செய்யும் முறையை நோக்கினால் பருவத்தின் முக்கியம் மேலும் தெளிவாகும். இரைப்பையின் பின்பகுதியில் சுரக்கும் அமிலம் இந்நஞ்சோடு சேரும்போது பாஸ்பீன் என்னும் நச்சுவாயு உண்டாகிறது. அதுவே எலியைக் கொல்வது. எலிக்கு வாந்தியெடுக்கும் ஆற்றல் இல்லை. அதற்கு வேண்டிய நரம்பியக்கமே அதன் மூளைத்தண்டில் அமையவில்லை என்பதை 2013-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. வாந்தியெடுக்க இயலாத பிராணி, ஐயத்தையே கவசமாகக் கொள்கிறது: புதிய உணவைச் சிறிதளவு கொறித்துப் பார்த்துக் காத்திருக்கும். கதிர் முற்றிய வயலில் வயிறு நிறைந்த எலி, நச்சிரையை நுனியளவே தின்று, நோயுற்றுப் பிழைத்து, பின்னர் அவ்விரையைத் தொடவே தொடாது. பசித்த பருவத்தில், இரண்டு மூன்று நாட்கள் நஞ்சு கலவாத இரையை வைத்துப் பழக்கிய பின்னர், 96 பங்கு உடைத்த தானியம், 2 பங்கு எண்ணெய், 2 பங்கு நஞ்சு என்ற கலவையை ஒரே முறை வைப்பதே முறை. 1977-இல் ஜோதிபூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பெற்ற அகில இந்திய எலிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சித் திட்டம், இத்தகைய முறைகள் பல மாநிலங்களிலும் பரவக் காரணமாயிற்று. நஞ்சைக் கையாளும் பொறுப்பு பயிற்சி பெற்ற பணியாளரிடமே இருத்தல் வேண்டும்.

அளக்கும் முறை

வளைகளைத் தோண்டும்போதும் பொறிகளிலும் கிடைக்கும் எலிகளிலிருந்து பயனுள்ள குறிப்புகளைச் சேர்க்க விரும்பும் பணியாளர் சில விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். குடல் இறப்புக்குப் பின் விரைவில் நெகிழ்ந்து கெடும். ஆதலால் பிடித்த அன்றே அளப்பது நன்று. குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வைக் கத்தரியால் முழுவதும் நீக்கி, நனைத்த கண்ணாடித் தட்டில் இழுக்காமல் கிடத்தி அளக்க வேண்டும். இரப்பர் நாடாவைப் போல இழுத்தால், ஒருவர் அளந்த நீளம் மற்றொருவர் அளந்ததோடு ஒத்துவராது. பார்மலினில் ஊறிய குடல் சுருங்கும். புதிய குடலின் அளவோடு அதனை ஒப்பிடலாகாது. இரைப்பை, சிறுகுடல், குருட்டுக்குடல், பெருங்குடல் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, உள்ளிருப்பதோடு ஒருமுறையும் கழுவிய பின் ஒருமுறையும் எடை பார்க்க வேண்டும். முதல் எடை எலி எவ்வளவு உண்டது என்பதைச் சொல்லும்; இரண்டாவதே திசுவின் உண்மை அளவு.

எண்களோடு நாள், இடம், பயிரின் நிலை, கடைசியாக மழை பெய்த நாள், எலியின் இனம், பால், உடலின் நீளம், எடை ஆகியவையும் குறிக்கப்பட வேண்டும். பெண்ணெலி சூலுற்றதா, பால்கொடுப்பதா என்பதை விட்டுவிட்டால் மற்றக் குறிப்புகள் பெரிதும் பயனற்றுப் போகும். பாலூட்டும் எலியின் பெருத்த குடலைப் பருவத்தின் விளைவென்று எண்ணிவிட நேரும். குட்டிகளையும் வளர்ந்தவற்றையும் ஒரே பட்டியலில் கலத்தலும் கூடாது. நஞ்சுண்டு இறந்த எலிகளை இவ்வேலைக்கு எடுக்கலாகாது. அவற்றின் இரைப்பையில் எஞ்சிய நஞ்சிலிருந்து வாயு வெளிப்படக்கூடும். அவற்றை ஆழப் புதைத்துவிட வேண்டும்.

எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரா காய்ச்சல் கொடியது. எனவே இரப்பர் கையுறையின்றி எலியைத் தொடக்கூடாது. கையில் வெட்டோ சிராய்ப்போ உள்ளவர் அன்றைய வேலையை வேறொருவரிடம் ஒப்படைப்பதே முறை. பள்ளிகளில் இதனை ஆசிரியரே செய்து காட்டி, மாணவர் சற்று விலகி நின்று அளவுகளை எழுதிக்கொள்ளுதல் போதும்.